வனிலாவைக் காய்க்க வைத்த சிறுவன்

ஐஸ்கிரீமில் வனிலாவின் நறுமணத்தை நீங்கள் அறிந்திருப்பீர்கள். இன்று அந்த மணப்பொருள் பெரும்பாலும் ஆலைகளில் செயற்கையாக ஆக்கப்படுகின்றது. ஆனால் இயற்கை வனிலா, ஒரு கொடியின் காயிலிருந்து கிடைப்பதாகும். அக்கொடியைத் தோட்டங்களில் காய்க்க வைக்கும் எளிய வழியைக் கண்டவர் யார் தெரியுமா? எழுதப் படிக்கத் தெரியாத, 12 வயது அடிமைச் சிறுவன்!

வனிலா, ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் தாயகம் மெக்சிகோவும் அதை அடுத்த பகுதிகளுமாகும். அங்கு வாழும் சில தேனீக்கள் அதன் பூவில் மகரந்தச் சேர்க்கையை நிகழ்த்துகின்றன. ஐரோப்பியர் அக்கொடியைப் பிற நாடுகளில் நட்டபோது அது வளர்ந்தது, பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. ஏன்? பூவினுள் மகரந்தத்திற்கும் சூலகமுடிக்கும் இடையே மெல்லிய மடல் ஒன்று திரைபோல் நிற்கின்றது. பூவோ காலையில் மலர்ந்து அன்றே வாடிவிடும். பெல்ஜிய நாட்டுத் தாவரவியலார் ஷார்ல் மோரன் 1836-இல் கையால் மகரந்தச் சேர்க்கை செய்து காய்களைப் பெற்றார். எனினும் அவரது முறை தோட்டங்களில் பரவவில்லை.

இந்துமாக்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ளது ரியூனியன் தீவு. பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் இருந்த அத்தீவில் 1829-இல் பிறந்தவன் எட்மோன். பிறந்தபோதே தாயை இழந்தான். அடிமையானதால் குடும்பப் பெயரும் அவனுக்கு இல்லை. தோட்ட உரிமையாளர் பெல்லியே-போமோன், தர்ப்பூசணி இனக் கொடி ஒன்றின் ஆண் பூவையும் பெண் பூவையும் கையால் சேர்க்கும் விதத்தை அவனுக்குக் காட்டியிருந்தார்.

1841-இல் ஒருநாள், பல ஆண்டுகளாகக் காய்க்காத தமது வனிலாக் கொடியில் காய்களைக் கண்டு அவர் திகைத்தார். தானே அதைச் செய்ததாகச் சிறுவன் கூறியதை அவர் முதலில் நம்பவில்லை. அவன் செய்து காட்டினான். மூங்கில் சிம்பு ஒன்றினால் மடலைத் தூக்கினான்; கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூலகமுடியின் மேல் அழுத்தினான். சில நொடிகளில் வேலை முடிந்தது! பின்னர் அவனே பிற தோட்டங்களுக்குச் சென்று கற்றுக்கொடுத்தான். அந்நூற்றாண்டின் இறுதிக்குள் அச்சிறு தீவு, வனிலா விளைச்சலில் மெக்சிகோவையே விஞ்சியது.

எட்மோன் பெற்றது என்ன? 1848-இல் அடிமை முறை ஒழிந்து விடுதலையும் 'அல்பியுஸ்' என்ற குடும்பப் பெயரும் கிடைத்தன. பிறகு திருட்டுக் குற்றத்திற்காகச் சிறை சென்றார். பழைய உரிமையாளரின் முறையீட்டால் முன்னதாகவே விடுதலை பெற்றார். 1880-இல் வறுமையிலேயே மாண்டார். இதற்கிடையே ரிஷார் என்ற தாவரவியலார், அம்முறையைத் தீவில் முன்பே காட்டியவர் தாமே என உரிமை கொண்டாடினார். பெல்லியே-போமோன் அதை மறுத்து, பெருமை எட்மோனுக்கே உரியது எனக் கடிதம் எழுதினார்.

அவர் எழுதியிராவிட்டால் அப்பெயர் நமக்குக் கிட்டியிருக்குமா என்பது ஐயமே. ஒரு பூவில் கண்டதை அமைப்பில் வேறுபட்ட இன்னொரு பூவிற்குப் பொருத்திப் பார்த்தானே சிறுவன், அந்தப் பாய்ச்சலைத்தானே நாம் மேதைமை என்கிறோம்? அது பட்டம் பெற்றவரிடம் மட்டும் பிறப்பதில்லை. பிறக்கும் இடத்தில் எல்லாம் அதை எழுதி வைக்கத்தான் ஆள் இருப்பதில்லை.

இன்றும் மடகாஸ்கரிலும் தென்னிந்தியாவிலும் வனிலாப் பூக்களைத் தொழிலாளர் ஒவ்வொன்றாகத் தொட்டே காய்க்க வைக்கின்றனர். அவர்கள் கையாள்வது அச்சிறுவனின் முறையைத்தான்.