நடைவண்டியும் வாக்கரும்: குழந்தையின் சமநிலை குறித்து

இன்று ‘நடைவண்டி’ என்ற ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் புழங்குகின்றன. ஒன்று, மூன்று சக்கர மரவண்டி. குழந்தை குறுக்குக் கம்பைப் பிடித்து நின்றபடி தள்ளும். மற்றது பிளாஸ்டிக் வாக்கர்; நடுவிலுள்ள துணி இருக்கையில் அமர்ந்து கால்விரலால் உந்தும். பெயர் ஒன்றானதால் பயனும் ஒன்றே எனக் கொள்வது பிழை என்பதே என் வாதம்.

நிற்கும் உடல் தன் நிலையை உட்செவியாலும், கண்ணாலும், தசை மூட்டுகளின் உணர்வாலும் அறிகிறது. இம்மூன்றும் ஒத்துழைப்பது பழக்கத்தால் வருவது. 1974இல் டேவிட் லீயும் எரிக் அரோன்சனும், தரை அசையாமல் சுவர்கள் மட்டும் நகரும் அறை ஒன்றில், அண்மையில் நிற்கக் கற்ற குழந்தைகளை நிறுத்தினர். சுவர் நகர்ந்ததும் குழந்தைகள் தள்ளாடினர். சிலர் விழுந்தே போயினர். காலடியில் தரை உறுதியாக இருந்தும் உடல் கண் சொன்னதையே நம்பியது.

அப்படிப்பட்ட கண்ணிலிருந்து வாக்கரின் அகன்ற தட்டு பாதங்களை மறைத்துவிடுகிறது. இடுப்பைத் துணி தாங்குவதால், எடையைப் பாதத்தின்மேல் நிறுத்தும் வேலையும் குழந்தைக்கு இல்லை. 109 குழந்தைகளை ஆராய்ந்த சீகல், பர்ட்டன் இருவரும் (1999) வாக்கரில் பழகியவர்கள் உட்காரவும் தவழவும் நடக்கவும் தாமதித்ததைக் கண்டனர். விபத்துகளைக் கருதி, கனடா 2004இல் வாக்கர் விற்பனையையே தடைசெய்தது.

மரவண்டியின் இயக்கம் வேறு. அதிகம் சாய்ந்தால் வண்டி முன்னே ஓடும். பின்தங்கினால் பிடி நழுவும். அடிக்கு அடி குழந்தை தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். சில நேரம் பொத்தென்று உட்காரும். நாம் பதறும் அந்த விழுதலையே நான் பயிற்சி என்கிறேன். கேரன் அடால்ஃப் குழுவினரின் 2012 ஆய்வில், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தம் போக்கில் விளையாடுகையில் மணிக்குச் சராசரியாக 2,368 அடி வைத்தனர். 17 முறை விழுந்தனர்.

மரவண்டி நடையை விரைவுபடுத்தும் என்று நான் சொல்லவில்லை. பிடித்து எழுந்து நிற்காத குழந்தையிடம் அதைக் கொடுப்பதும் தவறு. அதற்கு முன் தரை இருக்கிறது. பிள்ளைத்தமிழ் ஐந்தாம் மாதத்துக்கு வகுத்த செங்கீரைப் பருவத்தில் குழந்தை ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலைநிமிர்ந்து அசையும். பிள்ளைகளைக் கூர்ந்து பார்த்தவர்கள் வகுத்தது அது என்றே எனக்குப் படுகிறது. தவழத் தொடங்காத குழந்தையை, விழித்திருக்கும் வேளையில், நாளுக்கு 30 நிமிடமாவது குப்புறக் கிடக்கவிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்.

இன்றைய வீட்டில் மரவண்டிக்கு ஒரு சிக்கல் உண்டு. மண் முற்றத்தில் மெல்ல உருண்ட சக்கரம் வழவழப்பான டைல்ஸில் விருட்டென்று ஓடிவிடும். அடிச்சட்டத்தில் ஒரு கிலோ அரிசிப் பையைக் கட்டினால் வேகம் அடங்கும். குழந்தை வெறுங்காலோடு இருக்கட்டும். பெரியவர் வண்டிக்கு முன்னே இரண்டடி தள்ளி உட்கார்ந்து, அது ஓடும்போது கையால் தடுக்கலாம். இடுப்பைப் பிடித்துத் தாங்க வேண்டியதில்லை.