நரம்போடு கதைத்த கணினி

மூளைக்குள் சிப் வைப்பது பற்றி ஏதாவது செய்தி வந்தால் என் தம்பி உடனே எனக்கு அனுப்புவான். "அக்கா, மனுசனும் கம்பியூட்டரும் ஒண்டாகப் போகுதாம்!" எனக்குச் சிரிப்பு வரும். நாங்கள் இருக்கும் இதே மெல்பேர்ணில் அது 1978ஆம் ஆண்டே நடந்துவிட்டது. அப்போது நாங்கள் இரண்டு பேரும் பிறக்கவே இல்லை.

கதை சிட்னிக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கும் கம்டன் என்ற ஊரில் தொடங்குகிறது. அங்கே மருந்துக்கடை வைத்திருந்த ஒருவருக்குக் காது சரியாகக் கேட்காது. கடைக்கு வருபவர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதைச் சத்தம் போட்டுத்தான் சொல்ல வேண்டும். (சில மருந்துகளை அப்படிக் கேட்க யாருக்குத்தான் மனம் வரும்!) அவருடைய மகன் கிரேம் கிளார்க் காது சத்திரசிகிச்சை நிபுணரானார். 1970இல் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். காது வேலை செய்யாவிட்டால் அதைச் சுற்றிக்கொண்டு போய், ஒலியை மின்துடிப்பாக்கி நேரே செவிநரம்புக்கே கொடுக்கலாம் என்பது அவருடைய எண்ணம்.

பலர் நம்பவில்லை. உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட சிறிய உறுப்பு ஒன்று இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் செய்யும் வேலையை ஒரு சில மின்முனைகள் எப்படிச் செய்யும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆராய்ச்சிக்குப் பணமும் இல்லை. ஒரு தொலைக்காட்சி நிலையம் நிகழ்ச்சி நடத்தி மக்களிடம் நிதி சேர்த்துக் கொடுத்தது.

இன்னொரு சிக்கல்: அந்தச் சுருளுக்குள் கம்பியை எப்படி நுழைப்பது? 1977இல் குடும்பத்தோடு மினமரா கடற்கரைக்குப் போன கிளார்க், மணலில் கிடந்த ஒரு சுருள் சிப்பியை எடுத்து அதற்குள் ஒரு புல்லிதழைத் தள்ளிப் பார்த்தார். நுனி மென்மையாகவும் அடி கொஞ்சம் கொஞ்சமாக விறைப்பாகவும் இருந்ததால் அது வளைந்து வளைந்து உள்ளே போனது. மின்முனைக் கம்பியையும் அதே மாதிரி செய்தார்கள்.

1978 ஓகஸ்ட் 1ஆம் திகதி, கார் விபத்தில் கேட்கும் சக்தியை இழந்திருந்த ரொட் சாண்டர்ஸ் என்பவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. பேச்சைப் பகுத்த கணினி அன்று ஆய்வுகூடத்தில்தான் இருந்தது. சட்டைப் பையில் வைக்கும் அளவெல்லாம் பிறகு வந்தது. பிற்பாடு ஒரு சோதனையில் அப்போதைய தேசிய கீதத்தை அவருக்கு அனுப்பினார்கள். சாண்டர்ஸ் எழுந்து நேராக நின்றார்! அவர் சொற்களையும் புரிந்துகொண்ட நாளில் கிளார்க் பக்கத்து அறைக்குப் போய் அழுதாராம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விசயம் ஒன்று இருக்கிறது. கணினி முழுப் பேச்சையும் நரம்புக்கு அனுப்பவில்லை. சொல்லை அடையாளம் காட்டும் முக்கியமான அதிர்வெண்களை மட்டும் பொறுக்கி எடுத்தது. மிச்சத்தை மூளை நிரப்பிக்கொண்டது. இன்றைக்கும் கருவி பொருத்தியவுடன் பேச்சு விளங்காது; பலருக்கு முதலில் இயந்திரக் குரல் போலத்தான் கேட்கும். மாதக்கணக்கில் பழக வேண்டும்.

அமெரிக்கா 1985இல் பெரியவர்களுக்கும் 1990இல் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இதை அனுமதித்தது. அங்கேதான் பிரச்சினை வந்தது. 1991இல் அமெரிக்காவின் தேசிய காதுகேளாதோர் சங்கம் பிள்ளைகளுக்குப் பொருத்துவதைக் கடுமையாகக் கண்டித்தது. சைகை மொழி எங்கள் தாய்மொழி, நாங்கள் நோயாளிகள் இல்லை, ஒரு சமூகம் என்பது அவர்களின் வாதம். காதுகேளாத பிள்ளைகளில் பெரும்பாலோரின் பெற்றோருக்குக் காது கேட்கும். அந்தப் பெற்றோர் சைகை மொழி தெரியாமலே பிள்ளைக்காக முடிவெடுக்கிறார்கள்.

எங்களில் பலருக்கு இந்தக் கோபம் விளங்கும் என்று நினைக்கிறேன். "இங்கிலீஷ் வந்தால் போதும்" என்று நல்லெண்ணத்தோடு முடிவெடுத்த வீடுகள் எத்தனை! அதற்காகக் கருவியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சாண்டர்ஸ் எழுந்து நின்றதை நினைத்தால் அப்படிச் சொல்ல வராது. அந்தச் சங்கமும் 2000இல் தன் நிலைப்பாட்டைத் தளர்த்தி, கருவியையும் ஒரு தெரிவாக ஏற்றுக்கொண்டது. ஆனால் சைகை மொழியை விடவில்லை.

இன்று அவுஸ்திரேலியாவில் கருவியும் ஓஸ்லான் சைகை மொழியும் சேர்ந்தே இருக்கும் வீடுகள் உண்டு. இரவில் படுக்கும்போது வெளியே மாட்டும் பகுதியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அம்மாவோடு கதைக்கக் கைகள்தான்.