தாகம் தீர்ந்த ஜித்தா

ஹஜ்ஜுக்குச் சென்று மீண்டவர்களிடம் ஜித்தாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். விமான நிலையத்தின் விரிவையும், வரிசையில் காத்து நின்ற நேரத்தையும், மக்காவுக்குப் புறப்பட்ட பேருந்தையும் சொல்வார்கள். அதற்குமேல் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இராது. குற்றம் அவர்களுடையதன்று. உள்ளமெல்லாம் கஃபாவில் இருக்கும்போது வாசற்படியை நின்று பார்ப்பவர் யார்? ஆயினும், பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக அந்த வாசற்படியாகவே இருந்துவரும் நகருக்கும் ஒரு வரலாறு உண்டு.

எண்ணெய்ச் செல்வம் உருவாக்கிய நகரம் ஜித்தா என்று பலரும் எண்ணுகின்றனர். பாதி உண்மைதான். ஆனால், அந்நகரை அறிய விரும்புபவர் எண்ணெயைவிட அதன் தண்ணீரின் கதையைப் பின்தொடர்ந்து செல்வதே நேர்வழி என்பேன்.

ஹிஜ்ரி 26இல், அதாவது கி.பி. 647 அளவில், கலீஃபா உதுமான் (ரலி) அவர்கள் ஜித்தாவை மக்காவின் துறைமுகமாக ஏற்படுத்தினார்கள். கடல் வாகாக அமைந்திருந்தது, குடிநீர்தான் இல்லை. ஆறு இல்லை, வற்றாத ஊற்று இல்லை, மழையோ வந்தால் வரும். 11ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ், மரமோ செடியோ இல்லாத ஊர் என்று அதைக் குறித்துச் சென்றார். 1183இல் வந்த அந்தலூஸியப் பயணி இப்னு ஜுபைரை வியக்கவைத்தவை, கற்பாறையில் குடைந்து மழைநீரைத் தேக்கிவைக்கும் தொட்டிகள். அத்தொட்டிகள்தாம் பல நூற்றாண்டுகள் ஜித்தாவின் உயிரைப் பிடித்துவைத்திருந்தன. வசதி படைத்தவர் வீட்டில் நிலத்தடித் தொட்டி இருந்தது. ஏழையும், கப்பலிலிருந்து இறங்கிய ஹாஜியும் சுமந்து விற்பவனிடம் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கினர். மழை பொய்த்த ஆண்டில் அதன் விலை என்னவாகியிருக்கும் என்பதை நாமே எண்ணிக்கொள்ளலாம்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்கடலுக்குள் போர்த்துகீசியர் நுழையக்கூடும் என்ற அச்சம் எழுந்தபோது, மம்லூக்குகளின் ஆளுநர் ஹுசைன் அல்குர்தி நகரைச் சுற்றி மதில் எழுப்பினார். அந்த மதில் 1947 வரை நின்றது. அதற்குள் பவளப்பாறைக் கற்களை அடுக்கி, இடையிடையே மரச்சட்டங்கள் செருகி, உயர்ந்த மாடிவீடுகளைக் கட்டினார்கள். ரோஷான் எனப்படும் மரப்பலகணிகள் தெருவை நோக்கி நீண்டிருக்கும். கடற்காற்று உள்ளே வரும். வெளியார் பார்வை வராது. குளிர்சாதனம் அறியாத காலத்து அறிவு அது.

அவ்வீடுகளில் புகழ்பெற்றது நஸீஃப் இல்லம். 1872இல் தொடங்கி 1881இல் கட்டி முடிக்கப்பட்டது. 1925 டிசம்பரில் நகரைக் கைக்கொண்ட மன்னர் அப்துல் அஸீஸ் வந்து தங்கியது இங்கேதான். ஆயினும் ஊரார் நெடுங்காலம் அதை 'மரமுள்ள வீடு' என்றே அழைத்தனர். ஊரிலேயே சொல்லிக்கொள்ளும்படியாக இருந்தது அந்த ஒரே மரம்தான் என்பார்கள். அது என்ன மரம் தெரியுமா? நம் வேம்பு! இந்தியாவிலிருந்து வந்தது என்று சொல்கிறார்கள். நம் ஊரில் தெருவுக்குத் தெரு நிற்கும் மரம், அங்கே ஒரு வீட்டுக்குப் பெயராகிவிட்டது. குடிக்கவே நீர் அளந்து வாங்கும் ஊரில் ஒரு மரத்துக்கு நாள்தோறும் நீர் வார்ப்பதைவிடப் பெரிய செல்வச் சிறப்பு வேறென்ன இருக்க முடியும்?

20ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் உதுமானியர் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் எந்திரம் ஒன்றை நிறுவினர். ஐரோப்பியர் அதற்கு வைத்திருந்த 'கண்டென்சர்' என்ற பெயர் ஜித்தாவாசிகளின் நாவில் 'கின்தாஸா' ஆயிற்று. எந்திரம் அடிக்கடி பழுதுபட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

உண்மையான திருப்பம் 1947இல் வந்தது. வாதி ஃபாத்திமா பள்ளத்தாக்கின் ஊற்றுநீர் குழாய்வழியே ஜித்தாவை அடைந்தது. அல்ஐன் அல்அஸீஸிய்யா என்பது அத்திட்டத்தின் பெயர். அதே ஆண்டிலேயே மதிலும் இடிக்கப்பட்டது. இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. ஒரு சதுர கிலோமீட்டர் அளவுக்குள் நெருங்கிக் கிடந்த நகர், தண்ணீர் வந்தபின் அல்லவா கால் நீட்ட முடிந்தது! 1970இல் கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய ஆலை இயங்கத் தொடங்கியது. எண்ணெய்ப் பணம் இங்கேதான் தன் வேலையைக் காட்டியது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 37 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

1981இல் திறக்கப்பட்ட விமான நிலையத்தின் ஹஜ் முனையத்தையும் சொல்லாமல் விட முடியாது. கூடாரம் கூடாரமாக விரிந்த அந்த வெண்கூரையின் பொறியியலை வகுத்தவர்களுள் முதன்மையானவர், வங்காளத்தில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். அவர் 1982இல் இதே ஜித்தாவில் காலமானார். அவருடைய கூரையின் நிழலில் இளைப்பாறும் ஹாஜிகளில் எத்தனை பேர் அப்பெயரை அறிவர்?

இனிச் சொல்ல வேண்டியது துயரமானது. 2009 நவம்பர் 25, ஹிஜ்ரி 1430 துல்ஹஜ் பிறை 8. ஹாஜிகள் மினாவுக்குச் செல்லும் நாள். அன்று காலை ஜித்தாவில் பெருமழை கொட்டியது. ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட மிகுதியான நீர் சில மணி நேரத்திற்குள் இறங்கியது. கிழக்கு மலைகளிலிருந்து கடலை நோக்கி வெள்ளம் வடியும் வாதிகள், அதாவது வறண்ட ஓடைப் படுகைகள், அதற்குள் வீட்டு மனைகளாகியிருந்தன. மழைநீர் வடிகாலோ நகரின் பெரும்பகுதியில் இல்லை. குவைஸா முதலிய கிழக்குப் பகுதிகளில் வெள்ளம் வண்டிகளை அடித்துச் சென்றது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரு வாளி நீருக்காகப் பல நூற்றாண்டுகள் வானத்தைப் பார்த்திருந்த ஊர், வானம் தந்த நீரைக் கடலுக்கு அனுப்ப வழி வைக்கவில்லை. முன்னோர் பாறையைக் குடைந்து ஒவ்வொரு துளிக்கும் இடம் வைத்தார்கள். குழாயைத் திறந்தால் நீர் வந்த தலைமுறை மழையையே மறந்துபோயிற்று.

மக்கள் வாய்மூடி இருக்கவில்லை. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதிகாரிகள் பலர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். 2011 ஜனவரியில் மீண்டும் வெள்ளம் வந்த பிறகு, கிழக்கே அணைகளும் வடிகால்களும் விரைந்து கட்டப்பட்டன.

பழைய ஜித்தாவை 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அடுத்தமுறை ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ செல்பவர்கள், திரும்பும்போது அரைநாள் ஒதுக்கி அல்பலத் பகுதிக்குச் சென்று வாருங்கள். நஸீஃப் இல்லத்தின் வாசலில் அந்த வேம்பு நிற்கிறது.