டேஷ்போர்டுக்கு அடியில் 16 பின்

ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து தேடினால் தட்டுப்படும் 16 பின் சாக்கெட்டின் பூர்வீகம் லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டம். ஊரையே கண்ணெரிய வைத்த அந்தப் புகை, வண்டிகள் கக்கும் வாயுக்கள் வெயிலில் வினைபுரிந்து உண்டாவது என்று 1950-களில் நிறுவினார் வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட். கலிஃபோர்னியா காற்று வள வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான். புகைக் கட்டுப்பாட்டில் கோளாறு வந்தால் காரே விளக்கெரித்துச் சொல்ல வேண்டும் என்று, 1988 மாடல்களில் தொடங்கி அந்த வாரியம் கட்டாயமாக்கியது.

அப்போது சாக்கெட் கம்பெனிக்கு ஒரு விதம். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் 12 பின். அதில் 'ஏ', 'பி' இரண்டையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால், செக் இன்ஜின் லைட் ஒருமுறை மின்னும். சற்று நின்று இருமுறை மின்னும். அதாவது கோடு (code) 12. அடுத்த கம்பெனி காருக்கு இந்த வித்தை பலிக்காது. சின்ன ஒர்க்‌ஷாப்காரர் எத்தனை கருவிதான் வாங்குவார்?

1996 மாடல் முதல் அமெரிக்காவில் எல்லா கார்களுக்கும் ஒரே சாக்கெட், புகை சம்பந்தமான கோளாறுகளுக்கு ஒரே கோடு. காற்றுக்காகப் போட்ட சட்டம் மெக்கானிக்குக்கும் நியாயம் செய்தது. எனக்கு இதில் பெரிதாகப் படுவது அதுதான். இந்த ஏற்பாடு 2001-இல் ஐரோப்பாவுக்குப் போனது. இந்தியாவுக்கு முதல் கட்டம் 2010-இல், இரண்டாம் கட்டம் 2013-இல்.

கோடைப் படிக்கும் ஸ்கேனரை அந்தச் சாக்கெட்டில் செருகியதுமே அதற்கு உயிர் வந்துவிடும். 16-வது பின்னில் பேட்டரி கரண்ட் எப்போதும் உண்டு. 4-ம் 5-ம் எர்த். சாவியைத் திருப்பினால்தான் இன்ஜின் கம்ப்யூட்டர் பேசும். இன்றைய கார்களில் பேச்சு 6, 14 பின்கள் வழியே. கூலன்ட் சூடு எவ்வளவு என்று கேட்க, ஸ்கேனர் 01 05 என்று அனுப்பும். 41 05 78 என்று பதில் வரும். அந்த 78 பதினாறடிமான எண். நம் கணக்கில் 120. அதில் 40-ஐக் கழித்தால் 80 டிகிரி செல்சியஸ்.

ஸ்கேனரில் கோளாறுக் கோடைப் பார்த்த கையோடு அழித்துவிடும் பழக்கம்தான் கெடுதல். கோளாறு வந்த நொடியில் வேகம், சூடு, லோடு என்ன என்று கம்ப்யூட்டர் எடுத்துவைத்த பதிவும் சேர்ந்து போய்விடும். பழுது அப்படியே இருக்க, லைட் மட்டும் அணைந்திருக்கும். அதற்கும் கலிஃபோர்னியாக்காரர்கள் வழி கண்டார்கள். 2010 மாடல் முதல் படிப்படியாக நிரந்தரக் கோடு வந்தது. ஸ்கேனரால் அதை அழிக்க முடியாது. பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. வண்டி ஓடி, பழுது தீர்ந்ததைத் தானே சோதித்து உறுதி செய்த பிறகுதான் கம்ப்யூட்டர் அதை நீக்கும்.