பழைய குடும்பப் படங்களைச் சீரமைத்தல்

பழுதுபட்ட ஒளிப்படத்தை ஸ்கேன் செய்து, கீறல், கறை, மங்கல் ஆகியவற்றைக் கணினியில் நீக்கி, எடுத்த காலத்துத் தோற்றத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவரும் வேலை இது. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் இதற்கு ‘டச்சிங்’ என்று பெயர். கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே புழங்கிய சொல் அது.

தொட்டுத் திருத்தும் வழக்கத்துக்கு ஏறக்குறைய ஒளிப்படக் கலையின் வயது. 1855இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில், மியூனிக் நகரத்து ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டேங்கல் நெகட்டிவில் திருத்திய உருவப்படத்தைக் காட்டினார். தமிழகத்தில் முதலில் நினைக்க வேண்டியவர் லின்னேயஸ் டிரைப். 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்ட இவர், 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரை திருமலை நாயக்கர் மகாலையும் படம்பிடித்தார். அக்கால நெகட்டிவ்கள் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும்; அதனால் படத்தில் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் காகித நெகட்டிவின் மேல் வண்ணம் தொட்டு மேகங்களை வரைந்தார். அவர் படங்களில் இன்று ரசிக்கப்படும் மேகங்களில் சில இப்படி வந்தவை.

பின்னர் எழுந்த ஸ்டூடியோக்களில் டச்சிங் தனித்தொழிலாயிற்று. சாய்வான மரச்சட்டத்தில் கண்ணாடி நெகட்டிவை நிறுத்தி, பின்னாலிருந்து வெளிச்சம் விழவைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பையும் கண்ணடிக் கருமையையும் நிரப்புவார்கள். நெகட்டிவில் கறுப்புப் பட்ட இடம் படத்தில் வெளுப்பாகும் என்பதால், ஒவ்வொரு தொடுதலையும் தலைகீழாக நினைத்தே செய்ய வேண்டும். அபாரமான கைத்திறன் அது. இறந்தவருக்குத் தனிப்படம் இல்லையென்றால், கல்யாண குரூப் போட்டோவிலிருந்து தலையை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, கோட்டையோ பட்டுப்புடவையையோ வரைந்து சேர்த்ததும் இவர்களே. கூடத்தில் தொங்கும் தாத்தா வாழ்நாளில் கோட்டே போடாதவராக இருக்கலாம்.

தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப்பை அடோபி 1990இல் வெளியிட்டது. 1994இல் வந்த லேயர் வசதியால் மூலப்படத்தில் கைவைக்காமல், அதன்மேல் தனி அடுக்கில் திருத்த முடிந்தது. 2002இல் ஹீலிங் பிரஷ் வந்தது. கன்னத்தின் குறுக்கே ஓடும் மடிப்பின் மேல் இதை இழுத்தால், பக்கத்துத் தோலின் மேற்பரப்பை எடுத்துவந்து, விழும் இடத்தின் வெளிச்சத்தோடு இசைத்துவிடும். காசில்லாமல் கிடைக்கும் கிம்ப் மென்பொருள் 1996 முதல் இருக்கிறது.

பழுதுகளில் கறை, ஒட்டல், நிறமாற்றம் மூன்றும் அடிக்கடி வருபவை. கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். அங்குலத்துக்கு 600 புள்ளிகள் போதும். கலரில் எடுப்பதற்குக் காரணம் உண்டு. பூஜை அறையில் கண்ணாடி இல்லாமல் வைத்த படத்தில் பாட்டியின் நெற்றிமேல் குங்குமமும் மஞ்சளும் படிந்திருக்கும். கலர் ஸ்கேனை சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்களாகப் பிரித்துப் பார்த்தால், நீலத்தில் அந்தக் கறை கன்னங்கரேல் என்று தெரியும். சிவப்பிலோ ஏறத்தாழ மறைந்தே போகும். அடியில் நெற்றிச் சுருக்கங்கள் அப்படியே இருக்கும். பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது. சிவப்புச் சேனலை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். வயதால் பழுத்த மஞ்சள் கறைக்கும் இதே வழி.

ஈரக்காற்றில் படத்தின் ஜெலட்டின் பரப்பு ஊறிப் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால், பிரிக்கவே கூடாது. பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்ய வேண்டும். மெல்லிய மலிவு ஸ்கேனர்கள் பலவற்றில், பரப்பிலிருந்து சற்று எழும்பிய எதுவும் மங்கிவிடும். அப்போது பக்கவாட்டில் விளக்கு வைத்துக் கேமராவில் எடுப்பதே நல்லது. 1970களின் கலர் பிரின்ட்டுகள் பல செம்மை ஏறியிருப்பதற்குக் காரணம், அவற்றின் நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றுக்கு முன்பே வெளுத்ததுதான். ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியாக லெவல்ஸ் என்னும் வெளிச்ச அளவுகளைச் சரிசெய்தால் புடவையின் பச்சை ஓரளவு திரும்பும்.

படத்தில் மிஞ்சியிருப்பதை வெளிக்கொணர்வது மட்டுமே சீரமைப்பு. கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் ஏற்றுவது அலங்காரம். அது இதில் சேராது. அண்மையில் பரவியுள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் மங்கிய முகத்தை நொடியில் கூர்மையாக்குகின்றன. ஆனால் அவை வரையும் கண்ணும் உதடும் வேறு எண்ணற்ற முகங்களிலிருந்து கற்றவை.

தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்வடிவாக்கும் பணியைப் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மேற்கொண்டது. வீட்டில் செய்பவர்கள் படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்டூடியோ முத்திரை, தேதி, பென்சிலில் எழுதிய பெயர் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். முதல் ஸ்கேனைத் திருத்தாமல் டிஃப் கோப்பாகத் தனியே வைக்க வேண்டும். மூலப்படத்தை மறுபடி பிரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டைச் சட்டம் வைத்தால் மீண்டும் ஒட்டாது.