பலகை சொன்னதும் சொல்லாததும்

வீதி முனையில் நிற்கும் பலகையை நாம் நின்று நோக்குவதில்லை. ஊர்ப்பெயரைப் படிக்கிறோம், கடந்து செல்கிறோம். நம் முன்னோர்க்குப் பலகை அத்துணை எளிய பொருளாக இருந்ததில்லை. அந்த வரலாற்றை நம் சமுதாய இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

திருவிதாங்கூர் நாட்டு வைக்கத்தில் மகாதேவர் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் பலகைகள் நடப்பட்டிருந்தன. 'தீண்டல் பலகை' என்று மக்கள் அவற்றை வழங்கினர். ஈழவரும் புலையரும் ஏனைய ஒடுக்கப்பட்டோரும் அவ்விடத்தைக் கடந்து செல்லலாகாது என்பதே அவற்றின் கட்டளை. கோயிலுக்குள் புகுவதைப் பற்றியதன்று இது. கோயிலுக்கு வெளியே உள்ள பொது வீதியில் கால் வைப்பதைப் பற்றியது. அதே வீதியில் கிறித்துவரும் இசுலாமியரும் தடையின்றி நடந்தனர். ஆடுமாடுகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

1924 மார்ச் 30 அன்று மூவர் அப்பலகையை நோக்கி நடந்தனர். புலையரான குஞ்ஞாப்பி, ஈழவரான பாகுலேயன், நாயரான கோவிந்தப் பணிக்கர் ஆகியோரே அம்மூவர். காவலர் வழிமறித்துச் சாதி வினவினர். பணிக்கர் போகலாம், மற்ற இருவரும் போகலாகாது என்றனர். அவ்விருவரை விட்டுத் தாம் மட்டும் செல்ல பணிக்கர் இசையவில்லை. மூவரும் கைதாயினர். அடுத்தடுத்துத் தலைவர்கள் சிறைபுகுந்தபோது தமிழகத்திலிருந்து பெரியார் சென்று போராட்டத்தைத் தாங்கினார், இருமுறை சிறைப்பட்டார். 1925 பிப்ரவரியில் வீதிகளைத் திறக்கக் கோரிய தீர்மானம் திருவிதாங்கூர் சட்டமன்றத்தில் 21-க்கு 22 என்ற கணக்கில் தோற்றது. ஒரே ஒரு வாக்கு! அவ்வாண்டு நவம்பரில் போராட்டம் முடிவுற்றபோது மூன்று வீதிகள் திறக்கப்பட்டன. கிழக்கு வீதி முழுமையாகத் திறக்கப்படவில்லை. 1936 நவம்பர் 12 அன்றுதான் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் தகும். தடை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழ்ப்படிய வேண்டியவனுக்கோ எழுத்தே மறுக்கப்பட்டிருந்தது. அதே திருவிதாங்கூரில், ஊருட்டம்பலம் என்னும் சிற்றூரில், 1910-களில் அய்யன்காளி பஞ்சமி என்ற புலையர் சிறுமியைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அவள் அமர்ந்த பள்ளிக்குச் சாதி இந்துக்கள் தீ வைத்தனர். படிக்கவும் விடமாட்டார்கள், பலகையில் எழுதியதை மீறினால் தண்டிக்கவும் செய்வார்கள். இதுவே அக்கால நீதி.

நம் பக்கத்திலும் அதே 1924-இல் ஒரு முயற்சி நிகழ்ந்தது. சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எவ்வகுப்பினரும் பயன்படுத்தத் தடையில்லை என்பது அதன் பொருள். அது நிறைவேறி, 1925-இல் அரசிதழிலும் வெளிவந்தது. பெரும் வெற்றியே, ஐயமில்லை. ஆயினும் அரசிதழ் கச்சேரி அலமாரியில் இருப்பது. தெரு முனையில் நிற்பதன்று. தடையைப் பலகையில் எழுதி ஊரறிய நாட்டிய உலகம், உரிமையை ஏட்டில் எழுதி உள்ளே வைத்தது. அரசிதழைப் படிக்கத் தெரிந்தவன் ஊரில் ஒருவன் இருந்தாலன்றி அவ்வுரிமை உயிர்பெறாது. நம் முன்னோர் இராப்பள்ளிகளை நாடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

இன்று வைக்கத்தில் பெரியார் நினைவகம் உள்ளது. 1994-இல் திறக்கப்பெற்று, புதுப்பிக்கப்பட்டு, 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. அது தகுதியான சிறப்பே. ஆயினும் முதல் நாளில் பலகையை எதிர்கொண்ட குஞ்ஞாப்பியின் பெயர் நம் மாணவருள் எத்தனை பேருக்குத் தெரியும்? தலைவர் பெயர் கல்லில் ஏறுகிறது; முதலடி வைத்த எளியவர் பெயர் ஏறுவது அரிது.

அரிது என்றேன்; இல்லை என்று சொல்லவில்லை. ஊருட்டம்பலத்துப் பள்ளிக்குக் கேரள அரசு 2022-இல் அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டியது. தீயில் கருகிய பழைய பெஞ்சு ஒன்று அங்கே பாதுகாக்கப்பட்டு வருகிறது. எந்தச் சிறுமி உள்ளே வந்தாள் என்பதற்காகப் பள்ளி கொளுத்தப்பட்டதோ, அவள் பெயரைக் கற்றுக்கொண்டுதான் இன்று அவ்வூர்ப் பிள்ளைகள் பள்ளி வாயிலைக் கடக்கின்றனர்.