மதுரைச் சுல்தானும் வீர வல்லாளனும்

பெங்களூருவில் பத்து வருஷம் குடியிருந்த தமிழர் யாரைக் கேட்டாலும் ‘பெந்த காளு ஊரு’ கதையைச் சொல்லிவிடுவார்கள். வழி தவறிய வீர வல்லாளனுக்குக் கிழவி ஒருத்தி வேகவைத்த பயறு கொடுத்தாளாம், அதனால் வந்த பெயராம். பேகூர்க் கோயிலில் உள்ள, சுமார் கி.பி. 890-ஐச் சேர்ந்த வீரக்கல் ‘பெங்களூரு’ என்ற பெயரை அதற்கும் முன்பே சொல்லிவிடுகிறது. கதையில் வருகிறவன் இரண்டாம் வல்லாளன் என்பர். அதே பெயர் கொண்ட மூன்றாம் வல்லாளனின் முடிவுதான் கதையல்ல. அவனை முடித்தவன் மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் தாம்கானி.

மதுரையில் சுல்தான்கள் ஆண்டது நாற்பது வருஷத்துச் சொச்சம். தில்லித் துக்ளக்கின் ஆளுநராக இருந்த ஜலாலுத்தீன் அஹ்சன் கான், 1335 வாக்கில் தன் பெயரிலேயே காசு அடித்துக்கொண்டான். வியாபாரியாகச் சொல்கிறேன், காசில் பெயர் மாறினால் கடைத்தெருவுக்கு உடனே தெரிந்துவிடும், அரசு மாறிவிட்டதென்று! அவனும் அடுத்து வந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராக மாண்டார்கள். ஒருவன் நாற்பது நாள்தான் தாக்குப்பிடித்தான். பிறகு, சுமார் 1340-இல், தில்லியில் குதிரை வீரனாக இருந்த தாம்கானி அரியணை ஏறினான். அஹ்சன் கானின் ஒரு மகளை இவன் மணந்தான். இன்னொரு மகள் மொராக்கோ யாத்ரீகர் இபின் பதூதாவின் மனைவி. ஆகையால் சகலையின் வீட்டுக்கு வந்த விருந்தாளியாகவே அவர் இந்த ஆட்சியைப் பார்த்தார்.

அப்போது நம்ம பெங்களூர்ப் பக்கமும் திருவண்ணாமலையும் ஒரே ஹொய்சள அரசன் கீழ். தொம்லூர் சொக்கநாதர் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. எண்பது வயது தாண்டிய வல்லாளன், சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூர்க் கொப்பத்தில் சுல்தானின் கோட்டையை ஆறு மாதம் முற்றுகையிட்டான். உள்ளே பதினான்கு நாளுக்குத்தான் தானியம். சரணடையலாமா என்று சுல்தானைக் கேட்டு வர, அதே பதினான்கு நாள் தவணை கொடுத்தான் வல்லாளன். கடன்காரனுக்குக் கொடுக்கும் தவணையா இது? அதற்குள் தாம்கானி ஆறாயிரம் பேரோடு வந்து பகல் தூக்க நேரத்தில் பாய்ந்தான். குதிரைகள் மேய்ச்சலில் இருந்தன. வந்தவர்களைத் திருடர்கள் என்று எண்ணி ஆட்கள் ஒழுங்கின்றி எதிர்க்கப் போனார்கள். பிடிபட்ட கிழவரிடம் யானை, குதிரை, பொருள் எல்லாம் கறந்துகொண்டு, கொன்று, தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். இது 1342-இல் நடந்தது. போரை இபின் பதூதா கேட்டு எழுதினார். மதிலில் தொங்கியதைக் கண்ணால் பார்த்து எழுதினார். இந்த வித்தியாசத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அவர் பார்த்த இன்னொன்று கழுமரம். காட்டில் பிடித்த கைதிகளின் தோளிலேயே கழுக்களைச் சுமக்கவைத்து, விடிந்ததும் பாசறையைச் சுற்றி ஏற்றினார்கள். பெண்டு பிள்ளைகளையும் விடவில்லை. மதுரை, கழு என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வந்தால் எங்கள் சமணர் வீடுகளில் பேச்சு நின்றுவிடும். எண்ணாயிரவர் கதையை வரலாற்றறிஞர் பலர் ஏற்பதில்லை. தாம்கானியின் கழுமரத்துக்கோ நேரில் கண்ட சாட்சி இருக்கிறது. அந்தச் சாட்சி அவன் மதத்தவர், உறவினர். வேறெந்த அரசனும் இப்படிச் செய்து கண்டதில்லை என்றும், அதற்காகவே இறைவன் அவன் சாவை விரைவுபடுத்தினான் என்றும் அவர் எழுதினார்.

இதை இந்து முஸ்லிம் சண்டை என்று மேடையில் முழங்குகிறவர்கள், வல்லாளன் படையில் இருபதாயிரம் முஸ்லிம்கள் இருந்ததாக அதே இபின் பதூதா சொல்வதை விட்டுவிடுகிறார்கள். எண்ணிக்கை கூடக்குறைய இருக்கலாம். ஆனாலும் படையில் அவர்கள் இருந்தார்கள்.

மதுரையில் கொள்ளைநோய் பரவியது. நோய் கண்டவர் இரண்டு மூன்று நாளில் மாண்டனர். சுல்தானின் ஒரே மகன் போனான், தாய் போனாள், 1344 வாக்கில் அவனும் போனான். வல்லாளனைப் பிடித்த மருமகன் நாசிருத்தீன் பட்டத்துக்கு வந்தான். விஜயநகரக் குமார கம்பணன் படையெடுத்து மதுரையை வெல்ல இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று.

திருவண்ணாமலையில் இன்றும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருளி வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். பிள்ளையில்லாத அரசனுக்குச் சுவாமியே பிள்ளை என்பது ஐதீகம். கல்வெட்டோ வேறு சொல்கிறது: அவன் மகன் விருபாட்ச வல்லாளன் 1343-இல் முடிசூடினான். மூன்று வருஷம் போனபின் அவனைப் பற்றியும் பேச்சில்லை.